துள்ளும் குடுவைக்குக் கடிவாளம்

மண் பரிசோதனையிலிருந்து ஆற்று நீர் ஆய்வு வரை, கொதிக்கும் திரவத்தை அடக்கி வைப்பவை நாலைந்து கண்ணாடி மணிகளும் பீங்கான் சில்லுகளும்தான். போட மறந்தால் கை வேகும், கணக்கும் பொய்க்கும்.

மண் பரிசோதனைக்கூடத்தில் தழைச்சத்தை அளக்கும் மூலை எது என்று கண்டுபிடிக்கக் கண் தேவையில்லை, காது போதும். மின் அடுப்புகளின் மேல் வரிசையாகக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் 20 கிராம் மண், கொஞ்சம் தண்ணீர், 100 மில்லி லிட்டர் பெர்மாங்கனேட் கரைசல், அதே அளவு காஸ்டிக் சோடா கரைசல். பார்வைக்குச் சேற்றுக் குழம்புதான். சூடு ஏறியதும் குடுவையின் அடியில் கிடக்கும் கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கின்றன. அனுபவப்பட்ட உதவியாளர் அந்தச் சத்தத்தை ஒரு காதில் வாங்கிக்கொண்டே வேறு வேலை பார்ப்பார். சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மணிகளை யாரும் கருவி என்று சொல்வதில்லை. சரக்குப் பட்டியலில் இவற்றுக்குக் கடைசிப் பக்கம்தான் கிடைக்கும். மணி கிடைக்காத இடத்தில் உடைந்த கண்ணாடிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கல்லூரி ரசாயனக் கூடங்களில் இதே வேலையைச் செய்பவை மெருகிடாத பீங்கான் துண்டுகள். அதுவும் தீர்ந்துபோனால் மண்சட்டி ஓடு. சிறுமிகள் பாண்டி விளையாடும் அதே ஓட்டாஞ்சில்லுதான்; வடக்கே ‘டீக்ரி’ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்று: திரவம் ஒழுங்காகக் கொதிக்க வேண்டும், துள்ளக் கூடாது.

தமிழில் இவற்றைக் ‘கொதிகற்கள்’ எனலாம். ஒருமையில் கொதிகல். ஓரெழுத்து கூடினால் கொதிகலன் ஆகிவிடும் என்பதால் அச்சுக் கோப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய சொல். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. கொதிகலன் கொதிக்க வைக்கிறது. கொதிகல் எப்படிக் கொதிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறது.

தண்ணீருக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கொதிக்கும் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டுப்போகிறது. கொதிப்பதற்குக் குமிழ் வேண்டும். குமிழ் பிறப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

100 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது. ஏற்கனவே இருக்கும் ஒரு பெரிய குமிழ் அந்தச் சூட்டில் தாராளமாக வளரலாம். ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குமிழ் புதிதாகத் தோன்ற வேண்டுமானால் அது முதலில் மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். சிறிய குமிழைத் தண்ணீரின் பரப்பு இழுவிசை நாலாபுறமும் நெருக்குகிறது. எவ்வளவு சிறியதோ அவ்வளவு நெருக்கம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழுக்கு இந்த நெருக்கடி ஒரு பொருட்டே அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழோ, நசுங்காமல் பிழைத்திருக்கவே உள்ளே இரண்டு மடங்குக்கும் அதிகமான காற்றுமண்டல அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரத் தண்ணீர் 120 டிகிரியையும் தாண்டிச் சூடாக வேண்டியிருக்கும்.

அன்றாடம் அடுப்பில் வைக்கும் தண்ணீர் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொள்வதில்லை. அலுமினியப் பாத்திரத்தின் கீறல்களிலும் பித்தளையின் சொரசொரப்பிலும் துளித் துளியாகக் காற்று ஒளிந்திருக்கிறது. அந்தக் காற்றுப் பொட்டுகளே குமிழுக்கு விதை. தண்ணீரில் கரைந்துள்ள காற்றும் கைகொடுக்கிறது. ஆனால் வழவழப்பான புதுக் கண்ணாடிக் குடுவையில் சுத்தமான திரவத்தை வைத்தால் விதை கிடைக்காது. திரவம் கொதிநிலையைத் தாண்டியும் சலனமில்லாமல் இருக்கும். வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். பிறகு ஏதோ ஒரு தூசி, ஓர் அசைவு. தேக்கி வைத்த வெப்பம் முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாக மாறிச் சீறும்.

அந்தச் சீற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கால் லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு மேல் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால், அந்த உபரி வெப்பம் நாலரை கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதுமானது. நாலரை கிராம் என்பது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆனால் ஆவியான பின் அதற்கு ஏழரை லிட்டர் இடம் வேண்டும். குடுவையில் அந்த இடம் கிடையாது. எனவே மேலே இருக்கும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஆய்வுக்கூட மொழியில் இதற்குப் பெயர் ‘பம்பிங்’. துள்ளல் என்று சொன்னால் தமிழில் கொஞ்சம் மகிழ்ச்சியாக ஒலிக்கிறது. அருகில் நிற்பவருக்கு மகிழ்ச்சி ஒன்றும் இருக்காது.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் இந்த விஷயத்தில் நூறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெப்பமானிக்கு அளவுகோல் கீற வந்தவர்களுக்குத் தண்ணீரின் கொதிநிலை நிலையாக நிற்கவில்லை என்பது பெரிய தலைவலி. ஜெனீவாவைச் சேர்ந்த ழான் ஆந்த்ரே த லூக், 1772-ல் வெளியிட்ட நூலில், தண்ணீரிலிருந்து காற்றை வெளியேற்ற நான்கு வாரம் அதைக் குலுக்கிக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறார். சாப்பிடும்போதும் நண்பர்களோடு பேசும்போதும் குலுக்கியிருப்பார் போலும். அப்படிக் காற்று நீக்கிய தண்ணீர் 112 டிகிரி வரை கொதிக்காமல் இருந்து பிறகு வெடித்தது. 1812-ல் பிரான்சின் கே-லூசாக் இன்னும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். உலோகப் பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதித்த தண்ணீர், கண்ணாடிப் பாத்திரத்தில் 101.2 டிகிரியில்தான் கொதித்தது. அதே கண்ணாடிப் பாத்திரத்தில் இரும்புத் தூளைப் போட்டார். சூடு 100-க்கு இறங்கிவிட்டது. கண்ணாடிப் பொடியைப் போட்டபோது 100.3. கொதிகல்லின் பிறந்தநாள் கொண்டாட விரும்புகிறவர்கள் இந்த வருஷத்தை எடுத்துக்கொள்ளலாம். 1861-ல் லூயி தூஃபூர் நீர்த்துளிகளைச் சூடான எண்ணெயில் மிதக்கவிட்டு, பாத்திரத்தின் சுவரே அவற்றைத் தொடாதபடி செய்தார். அந்தத் துளிகள் 178 டிகிரி வரை கொதிக்காமல் இருந்தன.

பள்ளிக்கூட வெப்பமானியின் மேற்புள்ளியைக் குறிக்க அதைக் கொதிநீரில் முக்காமல் நீராவியில் பிடிக்கச் சொல்வது இந்தக் குழப்பத்தின் விளைவுதான். லண்டன் ராயல் சொசைட்டி நியமித்த குழு ஒன்று 1777-ல் அப்படிப் பரிந்துரைத்தது. தண்ணீர் எத்தனை முரண்டு பிடித்தாலும் அதன் ஆவி ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது.

திரவம் முரண்டு பிடிப்பதையே பயன்படுத்திக்கொண்ட ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் டொனால்டு கிளேசர், கொதிநிலைக்கு மேல் சூடேறியும் கொதிக்காமல் இருக்கும் ஈதரில் ஒரு மின்துகள் பாய்ந்தால் அதன் பாதை நெடுகக் குமிழ்கள் வரிசை கட்டும் என்று 1952-ல் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத துகளின் தடத்தைப் புகைப்படம் எடுக்க வழி பிறந்தது. 1960-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய குமிழறையில் கொதிகல் ஒன்றைப் போட்டிருந்தால் பரிசு போயிருக்கும்.

கொதிகல் செய்வது இவ்வளவுதான்: அதன் நுண்துளைகளில் காற்றைச் சுமந்துகொண்டு போய்த் திரவத்தின் அடியில் வைக்கிறது. சூடு ஏறும்போது அந்தக் காற்றுக்குள் ஆவி புகுந்து குமிழ் பெருக்கிறது, பிரிந்து மேலே போகிறது. போகும்போது துளைக்குள் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. அந்த மிச்சத்திலிருந்து அடுத்த குமிழ். ஒரே பெரிய சீற்றமாக வர வேண்டிய ஆவி, ஆயிரக்கணக்கான சின்னக் குமிழ்களாகத் தவணை முறையில் வெளியேறுகிறது. மேலெழும் குமிழ்கள் திரவத்தைக் கலக்கிவிடுவதால் அடியும் மேலும் ஒரே சூட்டில் இருக்கின்றன. தளதளவென்று கொதிக்கிறது என்கிறோமே, அந்தத் தளதளப்புக்கு இதுதான் காரணம். கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டதும் ஒரு நொடி நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு அரிசியும் கொஞ்சம் காற்றைக் கூட்டிக்கொண்டு போகிறது. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரின் பாத்திரத்தில் தட்டிப் போட்ட இஞ்சியும் தேயிலையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவரிடம் போய் யாரும் கொதிகல் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பாடம் தேவைப்படுவது கல்லூரியில்தான். காய்ச்சி வடிக்கும் செய்முறை ஒவ்வொன்றிலும் ‘இரண்டு மூன்று பீங்கான் துண்டுகளைப் போடவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர்கள் புரட்டிய வோகலின் நூலிலும் இருக்கிறது. எதற்காக என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் ‘பம்பிங்கைத் தடுக்க’ என்று பதில் வரும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். எப்போது போட வேண்டும், எப்போது போடவே கூடாது என்பது கேட்கப்படுவதில்லை. விபத்து அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் காத்திருக்கிறது.

கல்லைப் போட வேண்டிய நேரம் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன். மறந்துபோய், திரவம் சூடான பிறகு நினைவு வந்து, அவசர அவசரமாக ஒரு துண்டைப் போட்டால் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. கொதிநிலையைத் தாண்டிச் சலனமில்லாமல் நிற்கும் திரவம் விதைக்காகத்தான் காத்திருக்கிறது. கல் விழுந்த மாத்திரத்தில் குடுவையின் வாய் வழியாக எல்லாம் வெளியே வரும். அந்த நேரத்தில் குடுவையின் வாய்க்கு மேல் இருப்பது கல்லைப் போட்டவரின் கையும் முகமும். உள்ளே இருப்பது தண்ணீராக இருந்தால் கொப்புளம். ஈதரோ அசிட்டோனோ சாராயமோ என்றால், பக்கத்தில் சுடர் இருக்கும் பட்சத்தில், தீ. மறந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுப்பை அணைத்துவிட்டு, திரவம் கொதிநிலைக்கு வெகு கீழே ஆறும் வரை காத்திருந்து, பிறகு கல்லைப் போட்டு மறுபடி தொடங்குவது. செய்முறை வகுப்பு முடிய அரை மணி நேரமே இருக்கும்போது இந்தப் பொறுமை சுலபமாக வருவதில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் குறைவாகத் தெரிந்தது. கொதிப்பு நின்று குடுவை ஆறியதும் துளைகளில் இருந்த ஆவி திரும்பத் திரவமாகிவிடுகிறது. வெற்றிடத்தை நிரப்பத் திரவம் துளைக்குள் ஏறிக்கொள்கிறது. காற்று போய்விட்ட கல் வெறும் கல்தான். குடுவையின் அடியில் அது கண்ணுக்குத் தெரிவதால் ‘கல் இருக்கிறதே’ என்ற தைரியத்தில் அடுப்பை மறுபடி பற்றவைப்பார்கள். மதிய உணவுக்காக நிறுத்தி வைத்த குடுவை, பிற்பகலில் துள்ளுவதற்குக் காரணம் இது. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும், ஆறிய திரவத்தில், புதுக் கல் போட வேண்டும். பழைய பீங்கான் சில்லுகளை வீணாக்க மனமில்லாதவர்கள் கழுவி, நன்றாகச் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை, முன்பு கொதித்த ரசாயனம் ஒட்டியிருக்கவில்லை என்றால்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். சலவைக்கல் துண்டு தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். அமிலத்தில் போட்டால் தானே கரைந்து கரியமில வாயுவாகப் பொங்கும். பீங்கான் அமிலத்துக்கு அசையாது, ஆனால் கடும் காரத்தில் அரிபடும். எரிமலைப் பிறவியான நுரைக்கல்லுக்கு உடம்பெல்லாம் துளை, ஆனால் உதிரும் சுபாவம். கறுப்பான சிலிக்கான் கார்பைடு, அதாவது சாணைக்கல்லில் இருக்கும் கார்போரண்டம், பெரும்பாலான திரவங்களுக்குப் பொருந்தும். பிடிவாதமான ரசாயனங்களுக்கு டெஃப்லான் துண்டுகள் இருக்கின்றன. காரக் கரைசல்களில் துத்தநாகத் துணுக்குகளைப் போடும் வழக்கமும் உண்டு. அவை காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ்களை விட்டுக்கொண்டே இருக்கும், விதைக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி மணிகள் இந்தக் குடும்பத்தில் சற்றே ஏழை உறவினர். வழவழப்பானவை என்பதால் துளை கிடையாது. குதித்துக் குதித்துத் திரவத்தைக் கலக்குவதில்தான் அவற்றின் பலன் அதிகம்.

இனி மண்ணுக்கு வரலாம். ஏனென்றால் இந்திய விவசாயிக்கும் கண்ணாடி மணிக்கும் உள்ள உறவு பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று. பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்தை மண்ணில் அளக்க சுப்பையா, அசிஜா என்ற இருவர் 1956-ல் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றும் நாட்டில் பரவலாகக் கையாளப்படும் முறை அது. காரம் கலந்த பெர்மாங்கனேட் மண்ணிலிருந்து அம்மோனியாவை விடுவிக்கிறது. கொதிக்கவைத்து வடிக்கும் அம்மோனியாவை போரிக் அமிலத்தில் பிடித்து, 0.02 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் இருந்தால் தழைச்சத்து குறைவு, 560 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். இந்த மூன்று சொற்களில் எது விழுகிறதோ அதைப் பொறுத்து யூரியா மூட்டை கூடும் அல்லது குறையும்.

இந்தக் கணக்கில் அளவுக்குழாயின் ஒரு மில்லி லிட்டர் என்பது ஹெக்டேருக்கு 31.36 கிலோ தழைச்சத்து. அதாவது ஒவ்வொரு சொட்டுக்கும் மதிப்பு உண்டு. குடுவையில் இருக்கும் சேற்றுக் குழம்பு கடும் காரம். அது துள்ளி, அதில் ஒரே ஒரு சொட்டு குளிர்விப்பான் வழியாக அந்தப் பக்கம் போய் அமிலத்தில் விழுந்தால், அந்தக் காரமும் அம்மோனியா என்றே கணக்கில் ஏறும். ஒரு சொட்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 22 கிலோ. 250 கிலோ இருக்கும் மண் இரண்டு சொட்டில் 294 ஆகி ‘குறைவு’ பட்டியலிலிருந்து ‘நடுத்தரம்’ பட்டியலுக்குத் தாவிவிடும். தழைச்சத்து போதாத வயலுக்கு, உரம் குறைத்துப் போடச் சொல்லிச் சீட்டு எழுதப்படும். பயிர் வெளிறிப்போனால் விதையைக் குறை சொல்வார்கள், மழையைக் குறை சொல்வார்கள். குடுவையில் மணி இருந்ததா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

குடுவைக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் சிதறலைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குமிழ் பொருத்துவது வழக்கம்தான். அது சாரலைத் தடுக்கும். முழுத் துள்ளலைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சேற்றுக் குழம்பு என்பதால் சிக்கல் கூடுதல்: கனமான மண் அடியில் படிந்து, அதன் கீழே வெப்பம் தேங்குகிறது. நுரைப்பது இன்னொரு தொந்தரவு. அதற்குக் கொஞ்சம் திரவ பாரஃபின் ஊற்றுகிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் நுரையையும் துள்ளலையும் ஒன்றாக நினைத்து, பாரஃபின் ஊற்றியாகிவிட்டது, மணி எதற்கு என்று விட்டுவிடும் அபாயம் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. பால் பொங்குவது நுரை வகை. புரதப் படலம் குமிழ்களை உடையவிடாமல் பிடித்து வைப்பதால் வருவது. சுத்தமான தண்ணீர் கண்ணாடியில் சீறுவது துள்ளல் வகை.

2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 12 அளவுகளை அச்சிட்டுத் தரும் அந்த அட்டையில் தழைச்சத்தும் ஒன்று. எல்லாக் கூடங்களும் இதற்குக் குடுவை ஏற்றுவதில்லை. மண்ணின் கரிமச் சத்தை அளந்து அதிலிருந்து தழைச்சத்தை ஊகித்துவிடுபவர்கள் உண்டு. வசதியுள்ள இடங்களில் நீராவியைச் செலுத்தி வடிக்கும் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் மணிக்கு வேலை குறைவு. கருவி பழுதாகிப் பழுது பார்ப்பவருக்காகக் காத்திருக்கும் இடங்களில் பழைய குடுவைகள் மறுபடி அடுப்பேறுகின்றன, மணிகளும்.

மண்ணில் தப்பினால் யூரியா. தண்ணீரில் தப்பினால் வழக்கு. ஆற்றில் விடப்படும் கழிவுநீர் எவ்வளவு அசுத்தம் என்பதற்கு வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவு முக்கியமான சாட்சி. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு மத்திய அரசின் பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். இதை அளக்கும் பழைய முறையில் கழிவுநீரோடு டைகுரோமேட்டும் பாதரச உப்பும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். கலவையில் ஏறக்குறையப் பாதி கந்தக அமிலம். சூடு சுமார் 150 டிகிரி. இது துள்ளினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. துள்ளி டைகுரோமேட்டில் கொஞ்சம் வெளியே போய்விட்டால், மீதி எவ்வளவு என்று அளக்கும்போது குறைவாகத் தெரியும். அசுத்தம் அதைத் தின்றுவிட்டதாகக் கணக்கு வரும். சுத்திகரித்து விட்ட ஆலையும் குற்றவாளியாகும். கல்லே அழுக்காக இருந்தாலும் அதே கதிதான். கைபட்ட எண்ணெய்ப் பசையைக்கூட டைகுரோமேட் விட்டுவைக்காது. அதனால் இந்தச் சோதனைக்கான கற்களை உலையில் வைத்து எரித்துச் சுத்தப்படுத்துகிறார்கள். சோதனை முடிந்த பிறகு அவற்றில் பாதரசமும் குரோமியமும் ஒட்டியிருக்கும். கழுவுதொட்டியில் கொட்ட வேண்டியவை அல்ல, கொட்டுகிறவர்கள் இருந்தாலும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள மருந்து ஆலைகளின் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்கலன்களில் கல் போட முடியாது. மருந்தில் கல் என்று செய்தி வரும். அங்கே துடுப்பு சுழன்றுகொண்டே இருக்கிறது. கலக்கிக்கொண்டே இருந்தால் வெப்பம் ஓரிடத்தில் தேங்காது. ஆய்வுக்கூடத்திலும் காந்தத் துண்டைச் சுழலவிட்டுக் கலக்கும் அடுப்பு வந்த பிறகு பல இடங்களில் கல்லுக்கு ஓய்வு. காற்றழுத்தத்தைக் குறைத்து வடிக்கும்போது இப்படிக் கலக்குவதுதான் சரியான வழி. ஏனென்றால் காற்றை உறிஞ்சும் பம்பு, கல்லின் துளையில் இருக்கும் காற்றையும் சேர்த்தே உறிஞ்சிவிடுகிறது. அப்போது கல் இருந்தும் இல்லாததுதான்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் கல்லும் இல்லை, காந்தமும் இல்லை. அத்தர் காய்ச்சும் அந்த ஊரில் ‘தேக்’ எனப்படும் தாமிர அண்டாவில் ரோஜாவோ மல்லிகையோ வெட்டிவேரோ தண்ணீரோடு சேர்ந்து வேகிறது. மூடியைக் களிமண் வைத்துப் பூசிவிடுகிறார்கள். மூங்கில் குழாய் வழியாக மணமுள்ள ஆவி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்த ‘பப்கா’ என்ற குடத்துக்குப் போய், அதில் இருக்கும் சந்தன எண்ணெயில் கலக்கிறது. உள்ளே நடப்பதைப் பார்க்க வழியில்லை. வெப்பமானியும் கிடையாது. விறகையும் வறட்டியையும் இழுத்தும் தள்ளியும், கையால் தொட்டுப் பார்த்தும், சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறார் காய்ச்சுபவர். அண்டா துள்ளினால் பூச்சாறு கலங்கலாக எண்ணெயில் சேர்ந்து, மொத்தச் சரக்கும் கெடும். அப்படித் துள்ளாததற்கு அவருடைய கைப்பக்குவம் ஒரு காரணம் என்றால், அடிபட்டு நசுங்கிய தாமிரமும் ஆயிரக்கணக்கான பூவிதழ்களும் இன்னொரு காரணம். ஒவ்வொரு இதழும் ஒரு கொதிகல்.

வழவழப்பும் சுத்தமும் கூடக் கூட ஆபத்தும் கூடுவதுதான் இந்த விஷயத்தின் விசித்திரம். மண்சட்டியில் இல்லாத பிரச்சினை கண்ணாடியில் வந்தது. விறகடுப்பில் இல்லாத பிரச்சினை மைக்ரோவேவ் அடுப்பில் வந்திருக்கிறது. சாதாரண அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பாகம்தான் அதிகம் சூடாகிறது, அங்கிருந்து குமிழ் கிளம்புகிறது. மைக்ரோவேவில் தண்ணீர் நேரடியாகச் சூடாகிறது. கோப்பையின் சுவர் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். புது பீங்கான் கோப்பை, ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீர், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகத் திருகி வைத்த நேரம் என்று மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் கொதிக்காமலேயே கொதிநிலையைத் தாண்டிவிடலாம். கொதிக்கவில்லையே என்று எடுத்து, தேயிலைப் பையையோ காப்பித் தூளையோ போட்டவுடன் முகத்தில் அடிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்படி முகத்திலும் கையிலும் வெந்துபோனவர்கள் பற்றிய புகார்கள் வந்ததைச் சொல்லிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இந்திய நகரங்களில் விடுதி அறைகளிலும் அலுவலகச் சாப்பாட்டுக் கூடங்களிலும் இந்த அடுப்பு சாதாரணமாகிவிட்டது. கூடவே வரும் கையேட்டில் எச்சரிக்கை இருக்கும். கையேடு பெட்டிக்குள் இருக்கும். பழைய தண்ணீருக்குப் பதில் புதிதாகப் பிடித்த தண்ணீரை வைப்பது, சர்க்கரையையோ காப்பித் தூளையோ சூடேற்றுவதற்கு முன்பே போட்டுவிடுவது, குறித்த நேரத்துக்கு மேல் ஓடவிடாமல் இருப்பது ஆகியவை போதும். மரக் கரண்டி ஒன்றைக் கோப்பையில் நிறுத்தி வைத்தால் அதன் நுண்துளைகளே கொதிகல் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மறந்துவிட்டால், அடுப்பு நின்ற பிறகு அரை நிமிடமாவது கதவைத் திறக்காமல் விட்டுவைத்து, அப்புறம் கையை நீட்டுவது நல்லது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.